மண் வீட்டைப் பற்றி யாரிடம் பேசுவது?

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் தூத்துக்குடி மாவட்டத்தில் பெய்த மழையை நம்மில் யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. இந்த மாவட்டம் ஓராண்டு முழுவதும் சராசரியாகப் பெறும் மழையைவிட இது அதிகம். தாமிரபரணி கரை புரண்டது. குளங்கள் உடைந்தன. திருவைகுண்டம் ரயில் நிலையத்தில் திருச்செந்தூர் விரைவு வண்டியின் பயணிகள் ஏறத்தாழ 800 பேர் வெள்ளத்தின் நடுவே சிக்கிக்கொண்டார்கள். ஏரல், ஆத்தூர், கொற்கை, பழையகாயல் எனக் கடைமடை ஊர்கள் எல்லாம் தண்ணீருக்குள் நின்றன.

தண்ணீர் வடிந்த பிறகு ஊருக்குள் போனவர்கள் கண்ட காட்சி ஒன்றுதான். மண் சுவர்கள் கரைந்து கிடந்தன. ஓலைக் கூரைகள் தரையில் சாய்ந்திருந்தன. மொட்டை மாடி இருந்தவர்கள் மேலே ஏறி உயிர் தப்பினார்கள். மாடி இல்லாதவர்கள் அடுத்தவர் வீட்டு மாடியிலும், பள்ளிக்கூடத்திலும், ஆலயத்திலும் அடைக்கலம் தேடினார்கள். யாருடைய வீடு நின்றது, யாருடைய வீடு விழுந்தது என்று கணக்கெடுத்தால், அது பெரும்பாலும் பணம் உள்ளவர் யார், இல்லாதவர் யார் என்ற கணக்காகவே இருக்கும்.

இந்தப் பின்னணியில்தான் இன்று நாம் ஒரு கேள்வியைச் சந்திக்கிறோம். மரபுக் கட்டடக் கலையை மீட்க வேண்டும், மண்ணாலும் சுண்ணாம்பாலும் பனையாலும் மீண்டும் வீடு கட்ட வேண்டும் என்று படித்த இளைஞர்கள் பலர் பேசி வருகிறார்கள். பயிற்சி முகாம்கள் நடக்கின்றன. பத்திரிகைகளில் அழகான மண் வீடுகளின் படங்கள் வருகின்றன. அந்தப் படத்தைக் கொண்டுபோய், டிசம்பர் வெள்ளத்தில் சுவர் இடிந்த ஒரு தாயிடம் காட்டினால் அவர் என்ன சொல்வார்? "இத்தனை வருசம் அதுலதான கெடந்தோம், எங்களுக்கு வேண்டாம்" என்றுதான் சொல்வார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இளைஞர்கள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. இரண்டையும் நாம் பொறுமையாகக் கேட்க வேண்டியிருக்கிறது.

பெர்மாகல்ச்சர் சொல்வது என்ன?

இந்தப் புதிய ஆர்வத்திற்குப் பின்னால் 'பெர்மாகல்ச்சர்' என்ற சிந்தனை இருக்கிறது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பில் மொல்லிசன், டேவிட் ஹோம்கிரன் ஆகிய இருவரும் 1978இல் வெளியிட்ட நூலின் மூலம் இது உலகுக்கு அறிமுகமானது. 'நிலைத்த வேளாண்மை' என்று தமிழில் பொருள் சொல்லலாம். ஆனால் இது வேளாண்மையோடு நின்றுவிடவில்லை. நிலம், நீர், மரம், வீடு, மனிதர் அனைத்தையும் ஒரே குடும்பமாகப் பார்க்கிற வாழ்க்கை முறையாக வளர்ந்திருக்கிறது. நிலத்தைப் பேணுதல், மனிதரைப் பேணுதல், மிஞ்சியதைப் பகிர்தல் என்பன இதன் மூன்று அடிப்படைகள்.

வீடு கட்டுவதைப் பற்றி இந்தச் சிந்தனை சொல்கிற முதல் பாடம், அவசரப்படாமல் இடத்தைப் பார் என்பதே. மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது? காற்று எங்கிருந்து வருகிறது? மேற்கு வெயில் எந்தச் சுவரில் விழுகிறது? எந்த மரம் நிழல் தருகிறது? இவற்றைப் பார்த்த பிறகே கடைக்கால் தோண்ட வேண்டும். அடுத்த பாடம், ஒரு பொருளை ஒரே வேலைக்குப் பயன்படுத்தாமல் பல வேலைக்குப் பயன்படுத்து என்பது. கூரையில் விழும் மழை தொட்டிக்குப் போக வேண்டும். அங்கணக்குழித் தண்ணீர் வாழைக்கும் முருங்கைக்கும் போக வேண்டும். குளம் தூர்வாரிய மண் சுவராக வேண்டும்.

இதைக் கேட்கும்போது நம் பெரியவர்களுக்குச் சிரிப்பு வரலாம். இதில் புதிதாக என்ன இருக்கிறது? வாசலில் திண்ணை, உள்ளே தார்சா, பட்டாசல், பின்னால் அடுப்படி, அதற்கும் பின்னால் தொழுவமும் வாழையும் என்று நம் முன்னோர் கட்டிய வீட்டில் இவை அனைத்தும் இருந்தனவே என்பார்கள். உண்மைதான். நாம் கைவிட்டதை வேறொருவர் எடுத்துத் துடைத்து, அதற்கு ஒரு பெயர் வைத்து, நம்மிடமே திருப்பித் தருகிறார்.

கொற்கை தரும் பாடம்

நம் கரையில் வீடு கட்டுவதைப் பற்றிப் பேசக் கொற்கையைவிடச் சிறந்த இடம் கிடையாது. பாண்டியரின் துறைமுகமாகவும் முத்துக்குளிக்கும் துறையாகவும் விளங்கிய ஊர் அது. 1968-69ஆம் ஆண்டுகளில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை அங்கே நடத்திய அகழாய்வில் கிடைத்த பொருளின் கரிமக் காலக்கணிப்பு கி.மு. 785 என்று வந்தது. 2021இல் மீண்டும் அகழாய்வு நடந்தபோது செங்கல் கட்டுமானமும், துளையிட்ட சுடுமண் குழாய் அமைப்பும் வெளிப்பட்டன. தண்ணீரை எப்படிக் கொண்டுவருவது, எப்படி வடிகட்டுவது, எப்படி வெளியேற்றுவது என்பதை அந்த மக்கள் யோசித்திருக்கிறார்கள்.

அதே கொற்கை இன்று கடலை விட்டுச் சில கிலோமீட்டர் உள்ளே தள்ளி நிற்கிறது. தாமிரபரணி கொண்டுவந்த வண்டல் துறைமுகத்தைத் தூர்த்தது. துறைமுகம் பழையகாயலுக்கு இடம்பெயர்ந்தது. பிறகு அதுவும் தூர்ந்தது; தூத்துக்குடி வளர்ந்தது. ஆகவே நாம் வாழும் இந்த நிலம் ஆறும் கடலும் சேர்ந்து செய்த நிலம். ஆறு தன் பாதையை மறப்பதில்லை. மேட்டில் குடியிருப்பு, பள்ளத்தில் வயல், நடுவில் குளம் என்று நம் முன்னோர் வகுத்ததற்குக் காரணம் இதுதான்.

2023 வெள்ளத்தில் நாம் பார்த்த அழிவை இந்தக் கண்ணோடு மீண்டும் பார்க்க வேண்டும். விழுந்த வீடுகளில் பல, மண்ணால் கட்டியதால் மட்டும் விழவில்லை. தண்ணீர் போகும் வழியில் இருந்ததால் விழுந்தன. மேட்டு நிலம் வசதி உள்ளவர்களிடம் இருக்க, ஓடைக்கரையும் குளத்துப் புறம்போக்கும்தான் ஏழைகளுக்கு மிஞ்சின. மரபு அறிவில் முதலிடம் பெறுவது எந்தப் பொருளால் கட்டுவது என்பதல்ல, எந்த இடத்தில் கட்டுவது என்பதே. இதை விட்டுவிட்டு மண் சுவரின் அழகை மட்டும் பேசினால், மரபில் பாதியைத்தான் பேசுகிறோம்.

பழமை எல்லாம் நல்லதல்ல

இன்னொன்றையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். நம் கரையின் மரபுக் கட்டடக் கலைக்கு ஒரு கறை உண்டு. மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றியிருந்த பவளப் பாறைகளைத் தலைமுறை தலைமுறையாக வெட்டி எடுத்துக் கட்டடக் கல்லாகவும், சுட்டுச் சுண்ணாம்பாகவும் பயன்படுத்தினோம். பிற்காலத்தில் தொழிற்சாலைகளின் தேவைக்காகவும் பெருமளவில் வெட்டப்பட்டது. விளைவு என்ன? பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் மூழ்கிவிட்டன. அலையின் வேகத்தைத் தாங்கிக்கொண்டிருந்த இயற்கை அரணையும், மீன் குஞ்சுகள் வளரும் இடத்தையும் நாமே உடைத்தோம். 1986இல் மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. 2001இல் பவளங்கள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. 2004 சுனாமிக்குப் பிறகே பவளம் வெட்டுவது பெருமளவில் நின்றது. தூத்துக்குடிக்கு அருகிலுள்ள வான் தீவைக் காப்பதற்காக இன்று செயற்கைப் பாறைகளைக் கடலில் இறக்க வேண்டியிருக்கிறது.

எனவே பழமை என்பதற்காகவே எதையும் போற்ற வேண்டியதில்லை. ஒரு கட்டடப் பொருள் எங்கிருந்து வருகிறது, அதை எடுத்த இடம் என்ன ஆகிறது என்று கேட்பதே சரியான முறை. பெர்மாகல்ச்சர் மரபுக்கு ஏதேனும் சேர்க்கிறது என்றால், இந்தக் கேள்வியைத்தான் சேர்க்கிறது.

ஓலைக் கூரையை மக்கள் ஏன் விட்டார்கள்?

கிராம மக்கள் அறியாமையால் கான்கிரீட்டை விரும்பினார்கள் என்று சிலர் எழுதுகிறார்கள். இது அநியாயமான பேச்சு. மக்கள் ஓலையையும் மண்ணையும் விட்டதற்குக் காரணங்கள் இருந்தன.

முதல் காரணம் அச்சம். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக்கூடத்தின் கீற்றுக் கூரையில் பற்றிய தீயில் 94 குழந்தைகள் மாண்டார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் சுனாமி வந்தது. ஒரே ஆண்டில் தீயும் தண்ணீரும் வந்து, ஓலைக் கூரை என்றால் சாவு என்று தமிழ்நாட்டின் மனத்தில் எழுதிவிட்டுப் போயின.

இரண்டாவது காரணம் உழைப்பு. ஓலை மாற்ற வேண்டும். கரையான் அரிக்கும். மழைக்குப் பின் சுவர் பூச வேண்டும். தரை மெழுக வேண்டும். இந்த வேலையில் பெரும்பங்கு பெண்கள் தலையில்தான் விழுந்தது. கூலி வேலைக்கும் போய், வந்து வீட்டையும் மெழுகிய பெண்ணிடம் மண் தரையின் குளிர்ச்சியைப் பற்றிக் கவிதை பேச முடியாது.

மூன்றாவது காரணம் மானம். நல்ல வீடு கட்டும் உரிமையே சிலருக்கு மறுக்கப்பட்ட நாடு இது. பக்கத்திலிருந்த திருவிதாங்கூரில் 19ஆம் நூற்றாண்டிலும் நாடார் மக்கள் ஒரு தளத்திற்கு மேல் வீடு கட்டத் தடை இருந்தது. நம் மாவட்டத்திலேயே கொடியங்குளத்தில் 1995 ஆகஸ்ட் 31 அன்று நடந்ததை நாம் மறக்கலாமா? உழைத்து முன்னேறிய தலித் மக்களின் ஊருக்குள் புகுந்த காவல்துறையினர் வீடுகளையும் பொருள்களையும் அடித்து நொறுக்கினார்கள். இப்படிப்பட்ட மண்ணில் கான்கிரீட் கூரை என்பது வெறும் கட்டடப் பொருளாக இருக்க முடியாது. 'நானும் மனிதன்' என்று ஒருவர் தெருவுக்குச் சொல்கிற சொல் அது. குடிசையிலேயே இரு, அதுதான் இயற்கைக்கு நல்லது என்று அவரிடம் சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது?

கான்கிரீட்டுக்கு நாம் கொடுக்கும் விலை

மக்களின் விருப்பம் நியாயமானது. ஆனால் அந்த விருப்பத்திற்குக் கிடைக்கும் பொருள் தரமானதா என்பது வேறு கேள்வி.

உப்புக் காற்று வீசும் கரை இது. உப்பளங்கள் சூழ்ந்த ஊர்கள் இவை. உப்பு கான்கிரீட்டுக்குள் ஊடுருவிக் கம்பியை அடையும்போது கம்பி துருப்பிடிக்கிறது. துருப்பிடித்த கம்பி பருக்கிறது. பருத்த கம்பி தன்னைச் சுற்றியுள்ள கான்கிரீட்டைப் பிளந்து தள்ளுகிறது. தொகுப்பு வீடுகளில் கூரை பெயர்ந்து, கம்பி தெரிந்து, தூங்குபவர் மேல் சில்லு விழுகிற செய்தியை நாம் அடிக்கடி கேட்கிறோம். கலவை சரியில்லாமல், கம்பிக்கு மேல் போதிய பூச்சு இல்லாமல் கட்டினால் கடற்கரையில் கான்கிரீட் வீட்டின் ஆயுள் குறைவுதான். மண் வீட்டை வீட்டுக்காரரே செப்பனிடலாம். துருப்பிடித்த கூரையை அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

வெயிலும் இருக்கிறது. பகலெல்லாம் சூரியனைக் குடித்த தாழ்வான கான்கிரீட் தளம் இரவில் அந்தச் சூட்டை உள்ளே இறக்குகிறது. காற்றாடி சூடான காற்றையே சுற்றி விடுகிறது. மக்கள் வாசலில் வந்து படுக்கிறார்கள். திண்ணை இருந்தால் அதில் படுக்கலாம். திண்ணைக்குத்தான் புதிய திட்டங்களில் இடம் இருப்பதில்லையே!

மணலின் கதை இன்னும் கொடியது. தாமிரபரணியில் மணல் அள்ளுவதற்கு எதிராகத் திருவைகுண்டத்தில் பிறந்த பொதுவுடைமைத் தலைவர் ஆர். நல்லகண்ணு தொடுத்த வழக்கில், 2010இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை விதித்தது. ஆனாலும் கொள்ளை முழுவதும் நிற்கவில்லை. 2023 ஏப்ரல் 25 அன்று முறப்பநாடு கோவில்பத்து கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸ், மணல் கடத்தலைப் பற்றிப் புகார் கொடுத்ததற்காகத் தம் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் இருவருக்கு அதே ஆண்டு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. ஒரு லோடு மணல் நம் வாசலில் கொட்டப்படும்போது அதன் விலையை ரூபாயில் மட்டும் கணக்கிட முடியாது என்பதற்கு அவருடைய இரத்தம் சாட்சி. ஆற்று மணலுக்குப் பதிலாக எம்-சாண்ட் வாங்கினால், அதற்கும் எங்கோ ஒரு குன்று உடைபடுகிறது.

சுனாமிக்குப் பிறகு நடந்த மறுகட்டமைப்பும் ஒரு பாடம். தமிழகக் கடற்கரையில் தொண்டு நிறுவனங்களும் திருச்சபை அமைப்புகளும் ஆயிரக்கணக்கான வீடுகளைக் கட்டின. அந்தப் பணியின் அன்பை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் ஜெனிபர் டுயின் பாரன்ஸ்டைன் என்ற மானிடவியல் ஆய்வாளர் நாகப்பட்டினம் மாவட்டத்தில் செய்த ஆய்வுகள், சுனாமியில் சேதமடையாத பழைய வீடுகள்கூட இடிக்கப்பட்டதையும், புதிய குடியிருப்புக்காக நிழல் மரங்கள் வெட்டப்பட்டதையும் பதிவு செய்திருக்கின்றன. வெட்டவெளியில் வரிசையாக நின்ற வீடுகள் கிடைத்தன. வலை பின்னவும், அக்கம்பக்கத்தார் உட்கார்ந்து பேசவும் இருந்த நிழல் போய்விட்டது.

செய்து காட்டியவர்கள்

இரண்டு பக்கமும் குறை இருக்கிறது என்றால் வழி என்ன? வழியைப் பிறர் செய்து காட்டியிருக்கிறார்கள்.

2001 ஜனவரி 26 அன்று குஜராத்தின் கட்ச் பகுதியில் நிலநடுக்கம் வந்தபோது, அங்குள்ள 'பூங்கா' எனப்படும் வட்ட வடிவ மண் வீடுகள் பல தாக்குப்பிடித்தன. வட்டச் சுவர் அதிர்வைச் சுற்றிலும் பகிர்ந்துகொள்கிறது என்பதைப் பொறியாளர்கள் கவனித்தார்கள். அந்த மறுவாழ்வுப் பணியில் கத்தோலிக்க நிவாரணப் பணி அமைப்பு, ஆரோவில் மண் கட்டுமான நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியுடன், அழுத்தப்பட்ட மண் கற்களால் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டியது. மண்ணோடு ஏறத்தாழ 5 விழுக்காடு சிமெண்டு சேர்த்து, இயந்திரத்தில் அழுத்தி, சூளையில் சுடாமல் நீர் தெளித்துப் பதப்படுத்தும் கற்கள் அவை. பச்சை மண் சுவரைப்போல் அவை தண்ணீரில் கரைவதில்லை. விறகும் தேவையில்லை.

கேரளத்தில் லாரி பேக்கர் (1917-2007) செய்தது நமக்கு இன்னும் நெருக்கமானது. செங்கல்லை நெட்டுக்குத்தாக நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டும் 'எலிப்பொறிக் கட்டு' முறையில் ஏறத்தாழ கால் பங்கு செங்கல் மிச்சமாகிறது. வெற்றிடம் வெயிலையும் தடுக்கிறது. கான்கிரீட் தளத்தின் கீழ்ப்பாதியில் கம்பிதான் சுமையைத் தாங்குகிறது. அங்குள்ள கான்கிரீட்டுக்கு அதிக வேலை இல்லை. அந்த இடத்தில் பழைய ஓடுகளை வைத்து நிரப்பினால் சிமெண்டும் மிச்சம், வீடும் குளிர்ச்சி.

பேக்கரின் வாழ்க்கையில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஏழைகளுக்குக் குறைந்த செலவில் வீடு கட்டிய அதே காலத்தில், திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் இயேசு சபையினரின் லயோலா வளாகத்திற்கு ஆலயமும் கலையரங்கும் கட்டித் தந்தார். வளர்ச்சி ஆய்வு மையத்தின் வளாகத்தையும் கட்டினார். அங்கே பெரிய பொருளாதார அறிஞர்கள் அமர்ந்து வேலை செய்தார்கள். பூசாத செங்கல் சுவரும், துளை வைத்த சன்னல் சுவரும் ஏழைகளுக்கென ஒதுக்கப்பட்டவை அல்ல என்பதை அந்தக் கட்டடங்கள் எல்லாருக்கும் காட்டின. அதன் பிறகுதான் நடுத்தர மக்களும் அந்த முறையைத் தேடி வந்தார்கள்.

நமக்கு வேண்டிய பாடம் இதுவே. மரபுக் கட்டடக் கலையை மீட்கும் சோதனை ஏழையின் வீட்டில் தொடங்கக் கூடாது. பணமும் நிலமும் மாற்று வழியும் உள்ளவர்களின் கட்டடத்தில் தொடங்க வேண்டும். அதில் தவறு நேர்ந்தால் அவர்களால் திருத்திக்கொள்ள முடியும். ஏழையின் வாழ்நாளில் ஒரே ஒரு வீடுதான். அவர் அதில் தவறு செய்ய முடியாது.

நம் கரையில் என்ன செய்யலாம்?

முதலாவதாக, நம் நிறுவனங்களின் கட்டடங்கள். பங்குகளிலும் துறவற இல்லங்களிலும் பள்ளிகளிலும் ஆண்டுதோறும் ஏதாவது ஒரு கட்டட வேலை நடந்துகொண்டே இருக்கிறது. சமூகக் கூடம், மறைக்கல்வி வகுப்பறை, கெபி, சுற்றுச்சுவர் என்று எத்தனையோ! இந்தக் கரையின் தொடக்க கால ஆலயங்கள் மண்ணும் ஓலையுமாக இருந்தவைதாம். இன்று கண்ணாடியும் அலுமினியத் தகடும் வைத்துக் கட்டி, பிறகு குளிர்சாதனத்துக்கு மின் கட்டணம் கட்டுகிறோம். அடுத்த முறை ஒரு வகுப்பறையை எலிப்பொறிக் கட்டில், ஓடு பதித்த தளத்தில், அகலமான தாழ்வாரத்துடன் கட்டிப் பார்க்கலாமே! பிள்ளைகள் அதில் உட்கார்ந்து படிக்கட்டும். பெற்றோர் வந்து தொட்டுப் பார்க்கட்டும். பிடித்தால் தங்கள் வீட்டுக்குக் கேட்பார்கள்.

இரண்டாவதாக, அரசுத் திட்டங்களுக்குள்ளேயே உள்ள வாய்ப்பு. 2024-25 தமிழ்நாடு நிதிநிலை அறிக்கையில் கலைஞரின் கனவு இல்லம் திட்டம் அறிவிக்கப்பட்டது. 2030க்குள் 8 லட்சம் வீடுகள், முதல் ஆண்டில் 1 லட்சம் வீடுகள், வீடு ஒன்றுக்கு 3.5 லட்சம் ரூபாய் என்பது அறிவிப்பு. வீட்டின் பரப்பு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை, மீதி 60 சதுர அடிக்குத் தீப்பற்றாத வேறு கூரை என்று விதி வகுக்கப்பட்டது. ஓடு பதித்த தளமும் கம்பி போட்ட கான்கிரீட் தளம்தான். மீதி 60 சதுர அடியில் ஓடு வேய்ந்த தாழ்வாரம் போடலாம். எனவே இத்தகைய விதிகளுக்கு உட்பட்டே குளிர்ச்சியான, உறுதியான வீடு கட்ட இடம் இருக்கிறது. மண் கற்களுக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பின் 1725ஆம் எண் தரக்குறியீடு இருக்கிறது. விதி இல்லை என்று எந்தப் பொறியாளரும் சொல்ல முடியாது. கிராமசபைக் கூட்டத்தில் இதைக் கேட்பதற்கு மக்களுக்குத் துணை நிற்பது நம் சமூகப் பணியின் ஒரு பகுதியாகலாம்.

மூன்றாவதாக, மண்ணை அறிதல். எல்லா மண்ணும் சுவராகாது. விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் ஈரத்தில் உப்பி, வெயிலில் வெடிக்கும். தேரி மணலுக்குப் பிடிப்பு போதாது. உப்பேறிய மண் பொரிந்து உதிரும். ஒரு கண்ணாடிப் புட்டியில் மண்ணும் தண்ணீரும் போட்டுக் குலுக்கி வைத்தால் மணல் முதலில் படியும், பிறகு வண்டல், கடைசியில் களி. நூற்றில் 15 பங்கு சரளை, 50 பங்கு மணல், 15 பங்கு வண்டல், 20 பங்கு களி என்ற அளவுக்கு அருகில் இருந்தால் மண் கல்லுக்கு நல்லது. குறைவதைக் கலந்து சரி செய்யலாம். நம் பள்ளிப் பிள்ளைகள் ஊர் ஊராக இந்தச் சோதனையைச் செய்து ஒரு மண் வரைபடமே தயாரிக்கலாம்.

வெள்ளம் வரும் இடத்தில் வேறு எந்தப் பேச்சும் இரண்டாவதுதான். வெள்ளம் தொட்ட உயரத்துக்குக் கல் கட்டுமானத்தில் அடிமேடை எழுப்ப வேண்டும். அதற்கு மேல்தான் மண் கல். தண்ணீர் போகும் வாருகாலையும் ஓடையையும் அடைக்கக் கூடாது. ஊருக்கு ஒரு உறுதியான மாடிக் கட்டடம் அடைக்கல இடமாக இருக்க வேண்டும். ஓடைக்கரையில் வாழ்பவர்களுக்கு மேட்டில் பட்டா நிலம் கிடைக்க நாம் குரல் கொடுக்க வேண்டும். நிலம் தராமல் வீட்டு முறையை மட்டும் கற்றுத் தருவது நீதி ஆகாது.

நான்காவதாக, கைகளைக் காப்பாற்றுதல். கடுக்காய் ஊறிய நீரும் கருப்பட்டி கரைத்த நீரும் விட்டுச் சுண்ணாம்பை அரைத்துக் காரை வீடு கட்டிய கொத்தனார்களில் மிச்சம் இருப்பவர்கள் முதியவர்கள். உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பனையை ஏறுவதற்கு ஆள் குறைந்துவருகிறது. வைரம் பாய்ந்த பனங்கை வேண்டுமானால் பல பத்தாண்டுகள் நின்ற மரம் வேண்டும். சூளை விறகுக்காக நாம் வெட்டித் தள்ளிய மரங்கள் அவை. 2021இல்தான் ஆட்சியர் அனுமதியின்றிப் பனையை வெட்டக் கூடாது என்று அரசு அறிவித்தது. இன்று நாம் ஊன்றும் பனை விதை நம் பேரப்பிள்ளைகளின் கூரைக்கு உத்திரமாகும். அதுவரை பனங்கைக்காக நிற்கிற மரங்களை வெட்டாமல் இருப்பதே மரபுக்குச் செய்யும் மரியாதை.

முதிய கொத்தனார்களிடம் இளைஞர்களும், குறிப்பாகப் பெண்களும் பயிற்சி பெற வழி செய்யலாம். மண் வீட்டில் சுவர் பூசுவதும் மெழுகுவதும் பெண்களின் கைத்திறனாக இருந்தது. கான்கிரீட் வேலையில் அந்தப் பெண் சட்டி சுமக்கும் சித்தாளாகிவிட்டார். திறனுக்கு உரிய கூலியோடு அவரைக் கொத்தனாராக்க முடியும் என்றால், இந்த மீட்பு வீட்டை மட்டுமல்ல, குடும்பத்தையும் நிமிர்த்தும். சுவருக்குச் சிமெண்டும் கம்பியும் வாங்கும் பணம் ஊரை விட்டுப் போகிறது. மண்ணுக்கும் சுண்ணாம்புக்கும் செலவிடும் பணத்தில் பெரும்பகுதி கூலியாக ஊரிலேயே தங்குகிறது.

நிறைவாக

கொற்கை முத்தால் பெயர் பெற்ற ஊர். ஆனால் இந்தக் கடலில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். சிப்பிப் படுகைகள் ஓய்ந்தன. பவளத் தீவுகள் இரண்டு மூழ்கின. ஆற்று மணல் போனது. ஒவ்வொன்றையும் எடுக்கும்போது, இன்னும் நிறைய இருக்கிறது என்றுதான் நினைத்தோம். வீடு கட்டும் விஷயத்திலும் அதே நினைப்போடு போக முடியாது.

அன்புக்குரியவர்களே, மண் வீட்டைப் பற்றி யாரிடம் பேசுவது என்று தலைப்பில் கேட்டோம். வெள்ளத்தில் வீடு இழந்தவரிடம் அல்ல. அவருக்கு முதலில் மேட்டில் நிலமும், மழை ஒழுகாத கூரையும், பூட்டக்கூடிய கதவும் கிடைக்க வேண்டும். அது எந்தப் பொருளால் என்பதை அவரே முடிவு செய்யட்டும். மண்ணைப் பற்றியும் சுண்ணாம்பைப் பற்றியும் இரண்டாவது மாடி எழுப்பத் திட்டமிடுகிறவரிடம் பேசுவோம். வெளிநாட்டுப் பணத்தில் பெரிய வீடு கட்டுகிறவரிடம் பேசுவோம். பள்ளிக்குப் புதுக் கட்டடம் கட்டப்போகும் நிர்வாகத்திடம் பேசுவோம். பங்குப் பேரவையில், அடுத்த கட்டட வேலைக்கான மதிப்பீடு மேசைக்கு வரும்போது பேசுவோம். "இந்த மணல் எங்கிருந்து வருகிறது? இந்தக் கூரைக்கு வேறு வழி இல்லையா?" என்று யாராவது ஒருவர் அங்கே எழுந்து கேட்டால் போதும். வேலை தொடங்கிவிட்டது என்று பொருள்.